இரண்டு கேட்டுக்கு நடுவில்

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள். சொல்கிறேன்.

நடுச்சாமம் தாண்டியிருக்கும். எல்லைச் சாலை. இந்த நாட்டு கேட்டுக்கும் அந்த நாட்டு கேட்டுக்கும் நடுவில் கொஞ்ச தூரம் யாருக்கும் சொந்தமில்லாத ரோடு. விளக்கு கிடையாது... ஒரு நாய்கூடக் கிடையாது. அதில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. பின்னால் காலிக் கூண்டு.

ஓட்டியது நம் டெய்லருடைய மச்சான். நம்பாதவர்கள் நாளைக்குக் கடைக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம். சர்க்கஸ் மிருகங்களை நாடு விட்டு நாடு கொண்டுபோய் விடுவதுதான் மச்சானுக்குப் பிழைப்பு. கரடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கிய ஆள், பேய் பிசாசுக்கெல்லாம் அசையமாட்டார். அன்றைக்கு மிருகத்தை இறக்கிவிட்டு ஊர் திரும்பும்போது மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். முதல் இரண்டும் தங்கவில்லை. இதாவது தங்க வேண்டும், தான் பக்கத்தில் இருக்க வேண்டும்... வழியெல்லாம் அதே நினைப்பு.

சொந்த நாட்டு கேட்டில் காவலர் கூண்டுக்குள் டார்ச் அடித்தார். சட்டென்று பின்வாங்கினார்.

"காலி வண்டின்னு போட்டிருக்கு. உள்ள இருக்கற சிங்கத்துக்குப் பேப்பர் எங்க?"

மச்சான் இறங்கி ஓடிப் பார்த்தார். வைக்கோல். வேறு ஒன்றுமில்லை. ஆனால் வாடை... பினாயில் ஊற்றிக் கழுவிய கூண்டு அது. அதையும் மீறி, ரத்தமும் பாலும் கலந்த மாதிரி ஒரு வாடை.

"உள்ள ஒண்ணும் இல்லைங்களே."

"என்னைப் பாத்தா எப்படித் தெரியுது? டாக்டர் சான்று இல்லாம மிருகத்தை உள்ள விட முடியாது. திரும்பு."

திரும்பினார். அந்த நாட்டு கேட்டிலும் டார்ச் அடித்தார்கள். அவர்களும் பின்வாங்கினார்கள். "காலியாத்தானே வெளிய விட்டோம்? பேப்பர் இல்லாத மிருகத்துக்கு இங்கயும் தடை. போ, போ."

எங்கே போக? முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் வந்தால் உதைக்கிறது. நடு ரோட்டில் வண்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். போன் அடித்தது. மாமியார்.

"வலி எடுத்திடுச்சு மாப்ளே. எங்க இருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கேன்," என்று சொல்லிப் போனை வைத்தார். எஞ்சின் ஓடவில்லை... ஆனாலும் லாரி மெல்ல ஆடியது. இந்தப் பக்கம்... அந்தப் பக்கம். படுக்க இடம் தேடி எதுவோ சுற்றிச் சுற்றி வருகிற மாதிரி.

மறுபடி சொந்த நாட்டு கேட்டுக்கே ஓட்டினார். காவலர் காலில் விழாத குறை. சத்தம் கேட்டு, அங்கே மிருகங்களைச் சோதிக்கிற டாக்டர் எழுந்து வந்தார். கூண்டுக்குள் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

"இது போன கோடையில இங்கதான் செத்துச்சு," என்றார். "ஒரு சிங்கத்துக்குத்தான் அனுமதி. வயித்துல குட்டிங்க இருந்துச்சு. அதையும் எண்ணணுமா வேணாமான்னு ரெண்டு கேட்டுலயும் பேசிக்கிட்டே இருந்தோம். அந்த வெயில்ல... நடு ரோட்டுல..."

"டாக்டர், என் பொண்டாட்டிக்கு அங்க வலி எடுத்திருக்கு." பாவம், மனுஷன் அழுதேவிட்டார்.

டாக்டர் அவரையும் பார்த்தார், கூண்டையும் பார்த்தார். பிறகு உட்கார்ந்து சான்று எழுதினார். "இதுக்குப் பொறுப்பு ஏத்துக்க ஒரு ஆள் வேணும். கையெழுத்துப் போடுறீங்களா?"

கண்ணுக்குத் தெரியாத சிங்கத்துக்கு மச்சான் கையெழுத்துப் போட்டார். நீங்களாக இருந்தாலும் போட்டிருப்பீர்கள். கேட் மேலே போனது.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது கூண்டுக் கதவு திறந்து கிடந்தது. பூட்டு மட்டும் பூட்டியபடியே தொங்கியது. நின்று யோசிக்க நேரமில்லை. மாடிக்கு ஓடினார்.

பிரசவ அறைக்கு வெளியே நர்ஸ்கள் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்கள். மாமியாரும்தான். உள்ளே அழுகைச் சத்தம் இல்லை. மச்சானுக்கு உயிரே போய்விட்டது.

"பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க," என்றார் மூத்த நர்ஸ். "பிறந்ததும் தொட்டில்ல போட்டோம். ஆனா குழந்தையை இன்னும் துடைக்கலைங்க... கிட்டப் போக விடலை."

"யாரு?"

நர்ஸ் கதவைக் கைகாட்டினார்.

மச்சான் தனியாக உள்ளே போனார். மனைவி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டிலில் குழந்தை கண்ணைத் திறந்துகொண்டு சமர்த்தாகக் கிடந்தது. உடம்பில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. சொரசொரப்பாக எதுவோ உரசியது போலத் தோல் மட்டும் சிவந்திருந்தது. தலைமுடி ஈரமாக... ஒரே பக்கமாகப் படிந்திருந்தது.