வெள்ளைத் துணி கட்டிய நிரைகள்

சங்கு. ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. வேலைக்குக் கூப்பிடும் சங்கு ஒரே நீட்டாக ஊதும். இது அழுகிற சங்கு. விமானம் வருகிறது என்கிற சங்கு.

"படுங்கலே! கானுக்குள்ள படுங்க!" கங்காணி கத்துகிறார்.

தேயிலைக்கு நடுவே வெட்டிய தண்ணீர்க் கான். கவ்வாத்துக் கத்தியோடு குதிக்கிறேன். முழங்கால்வரை சேறு. அப்போதுதான் அறுத்த கிளைகளின் பச்சை வாசனை. தலை தூக்கிப் பார்க்கிறேன். வானம் காலி.

சரிவு காலியாக இல்லை. குச்சி முனைகளில் வெள்ளைத் துணிகள். ஒரே கோடு. கோடு நீளும் திசையில், கீழே, பள்ளிவாசல் மின்நிலையம்.

கட்டியவர் என் மச்சான் சந்தனம். அக்கா புருஷன். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, கப்பலேறி வந்து ஒரு வருஷம். ஆளுக்கு ஒதுக்கிய தேயிலை நிரை எங்கே முடிகிறது என்று காட்ட, அவர் இருந்த தோட்டத்தில் வெள்ளைத் துணி கட்டுவார்களாம். நாங்கள் ஒரு கிளையை ஒடித்து நடுவோம். அவ்வளவுதான் வித்தியாசம். எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கோட்டையே பார்த்தேன்.

1971. டிசம்பர் மூன்று, வெள்ளி. மேற்கே விமானத் தளங்களில் குண்டு என்றது ரேடியோ. மறுநாள் கிழக்கிலும் சண்டை. பிறகு கடல். கராச்சித் துறைமுகம் எரிந்தது. எங்கள் மலைக்குப் போர் வரவில்லை. பேச்சு வந்தது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள் வந்தது. முதல் குண்டு மின்நிலையத்து அணைக்குத்தான் என்றார்கள். பாகிஸ்தான் விமானம் கொழும்பில் எண்ணெய் போட்டுக்கொள்கிறது என்றார்கள். கொழும்பு என்றதும் எங்கள் வீட்டு வரிசை, லயமே, மச்சான் வாசலைப் பார்த்தது.

"என்ன சந்தனம், ஒங்க ஊர்ல எண்ணெ அம்புட்டு மலிவா?" தேநீர் நேரத்தில் ஒருவன் கேட்டான்.

"தலைக்குத் தேய்க்கவே கெடைக்கலய்யா," என்றார் மச்சான்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் டிரான்சிஸ்டரை ஏன் இவர் காதோடு ஒட்டிவைத்துக் கேட்கிறார்? அன்று முழுக்க அதே யோசனை. பேட்டரி தீரும் நிலை, சத்தம் எழும்பவில்லை. அது பிறகுதான் தெரிந்தது.

டிசம்பர் ஏழு, செவ்வாய். அந்தச் சங்கு ஓய்ந்தபோது காலை பத்தே கால். ஒத்திகை. கானிலிருந்து ஏறினோம். என் கை தானாக நீண்டது.

"அந்தத் துணியப் பாருங்க கங்காணி. நேரா பவர்ஹவுசுக்குல்ல போவுது."

இவ்வளவுதான் சொன்னேன்.

உச்சிக்குள் போலீஸ் ஜீப் வந்தது. "ஒற்றன்! விடாதீங்கலே!" கூட்டம் கத்தியது. மச்சானை ஏற்றும்போது ஒரு கல் பறந்தது. இடது காதோரம் பட்டது. தேங்காய் உடைகிற சத்தம். யார் எறிந்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. லயத்தில் ஒவ்வொரு கையையும் நான் பார்த்திருக்கிறேன்.

பதினாறு, வியாழன். டாக்காவில் சரண். போர் முடிந்தது. கறுப்புத் தாளைக் கிழித்தோம். மிட்டாய் கொடுத்தார்கள். நான்கு நாள் கழித்து மச்சான் திரும்பினார். குற்றம் ஒன்றுமில்லையாம். இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பவில்லை.

எங்கள் மலையில் விழுந்த குண்டு, இல்லை. செத்தவர், இல்லை. போனவை: போலீஸ் பறித்துக்கொண்டு திருப்பித் தராத ஒரு டிரான்சிஸ்டர். ஒரு காது. லயத்தில் ஒரு வீட்டின் அடுப்புப் புகை. என் அக்கா. இன்றும் கொடியில் வெள்ளைத் துணி காய்ந்தால், அது எந்தத் திசையைக் காட்டுகிறது என்று பார்க்கிறேன்.

அவர்கள் மலையை விட்டுக் கிளம்பிய அன்று, பஸ் வந்தது. மூட்டையைத் தூக்கப் போனேன். அக்கா பிடுங்கிக்கொண்டாள். படியில் ஒரு கால் வைத்தபடி திரும்பினாள்.

"ஒன் பழைய வேட்டிதானலே அந்தத் துணி. நீதான கிழிச்சுக் குடுத்த. அதயும் சேத்துச் சொல்லியிருக்கலாம்ல?"