முதுகில் மஞ்சள் பட்டை

பொங்கல் முடிந்த மறுநாள், விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டுப் பெண், துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்ற அம்மாவிடம் சொன்னாள்:

"ஏம்மா, இது என் சிலந்தி இல்ல."

"எட்டுக் காலு இருக்குது இல்ல?"

"முதுகுல மஞ்சப் பட்டை எங்க? என்ன பண்ணுன?"

"போகிக்கு வூடெல்லாம் ஒட்டடை அடிச்சேன். டப்பாக்குள்ளயும் ஒட்டடை. அதோட பொங்க வைக்கவா? தொறந்தேன், ஓடிடுச்சு. செவுத்துல இருந்த ஒண்ணப் புடிச்சிப் போட்டேன். எல்லாச் சிலந்தியும் விடுறது நூலு தானடி?"

"அந்த நூலோட புரதம் எப்படி மடங்கியிருக்குதுன்னு தாம்மா ரெண்டு வருசமா பாக்குறேன். நாளைக்கு லேபுல எக்ஸ்ரே மெஷின்ல என் முறை. விட்டா மறுபடி எப்பக் கிடைக்குமோ. செத்துடுச்சா?"

டிரைவர் இஞ்சினைக் கிளப்பினார்.

"சாவல. தோட்டத்துல, ஒங்கப்பா கம்பெனிலருந்து கொண்டாந்த ஒடஞ்ச பீங்கான் குவியல்ல வலை கட்டியிருக்குது. காலையிலகூடப் பாத்தேன்."

"அத அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீ கத்துவியேன்னு தான்..."

"நிறுத்துங்கண்ணே!"

பையோடு இறங்கி ஓடினாள். பஸ் நகர்ந்தது. டப்பா சீட்டிலேயே இருந்தது, மூடி திறந்தபடி.