சத்தம் வராத பூட்டு

— சிரிக்காத மோகனா. ரோட்ட பாத்து ஓட்டு. எனக்கு இங்க உயிர் போவுது.

— ரோட்டதாங்க பாக்கறேன். சிரிப்பு தானா வருது. ஆம்பூர்ல யார்கிட்டயாவது சொன்னா நம்புவாங்களா? கல்யாணமாகி ஏழு வருஷம் கழிச்சு, ஒரு ஆம்பள தானா கற்புக்குப் பூட்டு வாங்கி, தானே மாட்டிக்கிட்டு, சாவிய பொண்டாட்டி கையில குடுத்தான்னு?

— மெதுவா பேசு.

— காருக்குள்ள யாரு இருக்கா? நீங்க, நானு, பின் சீட்டுல உங்க பொட்டி.

— அதில்ல. ஏர்போர்ட்ட நெனச்சாலே பேஜாரா இருக்கு. வாசக்கால் மாதிரி ஒண்ணு நிக்குமே, அதுல நுழையும்போது கீ...ன்னு கத்திச்சுன்னா? எனக்குப் பின்னாடியே கோதண்டபாணி சார் நிப்பாரு.

— ஜிஎம் சார் நின்னா நிக்கட்டும். கத்தாது. நான்தான் செக் பண்ணிட்டேனே.

— நீ எங்க செக் பண்ண?

— கழுவித் தர்றேன்னு வெள்ளிக்கிழம கழட்டி வாங்கினேன்ல?

— வாங்கின. மறுநா சாயந்திரம்தான் திருப்பிக் குடுத்த.

— அன்னிக்கு ஷூ கம்பெனிக்கு, என் பேக்கிங் செக்‌ஷனுக்கு எடுத்துட்டுப் போனேன். பூட்டோட சேத்து ஒரு ஷூ பொட்டியில போட்டு, மேல பேப்பர் சுத்தி, என் மிஷின்ல விட்டேன்.

— அடிப்பாவி! ஊசி புடிக்கிற மிஷின்லயா?

— பின்ன? கொழந்தைங்க ஷூவுல ஒடஞ்ச ஊசி மொன இருந்தா கூட டக்குனு நிக்கும் அது. இதுக்கு நிக்கல. பச்ச லைட்டு. அந்தப் பக்கம் ஜம்முனு வந்து விழுந்திச்சு.

— யாராவது பாத்தாங்களா?

— எழிலரசி பக்கத்துல நின்னா. "இன்னாக்கா, ஒத்தப் பொட்டி?"ன்னா. சாம்பிள்னேன்.

— சாம்பிளா! அந்த வார்த்தையே எனக்கு ஆவாது.

— இன்னும் அந்தப் பார்சல் நெனப்புதானா?

— மறக்க முடியுமா? இது வீட்டுக்கு வந்தா அம்மா பிரிச்சிடுவாங்கன்னு கம்பெனி அட்ரஸ் குடுத்தேன். சாம்பிள் செக்‌ஷனுக்கு வர்ற பார்சல் எல்லாத்தையும் ஜிஎம் சார்தான் மொதல்ல பிரிப்பாரு. டெய்லி பாக்கறேன், மறந்துட்டேன். கூப்பிட்டுக் குடுத்தாரு. டேப்பு புதுசா ஒட்டியிருந்திச்சு. "எந்த வெளிநாட்டு பையரோடதுப்பா இது?"ன்னாரு.

— சொல்லுங்க, அடுத்தது சொல்லுங்க. எத்தினி வாட்டி கேட்டாலும் எனக்குப் போதாது.

— "நம்ம சொந்த டெவலப்மென்ட் சார்"னேன்.

— அய்ய... அய்யய்யோ... வயிறு வலிக்குதுங்க.

— உனக்கு சிரிப்பு. அன்னியிலேர்ந்து அந்த மனுஷன் என் கண்ணப் பாத்துப் பேசறது இல்ல. டேபிளப் பாக்கறாரு, தோல் கட்டப் பாக்கறாரு. என்னப் பாக்க மாட்டேங்கறாரு. இப்ப அவரு கூடவே கம்பெனி வேலையா மூணு வாரம் போர்ச்சுகல்.

— பிரிச்சிருந்தாலும் அவருக்கு இன்னா தெரிஞ்சிருக்கும்? ஏதோ பிளாஸ்டிக் பொம்மைன்னு நெனச்சிருப்பாரு. விடுங்க. நான் ஒண்ணு கேக்கட்டா? கோச்சுக்கக் கூடாது.

— கேளு.

— மூணு வாரம் நான் பக்கத்துல இல்ல. கழட்டி பீரோவுல வச்சிட்டுப் போனா நிம்மதி. எதுக்கு இந்தப் பிடிவாதம்?

— தெரியல மோகனா.

— சரியா சொல்லுங்க. அர கொறையா சொன்னா நான் பாஸ் பண்ண மாட்டேன்.

— முன்னல்லாம் நான் எப்பிடி இருந்தேன்? வேல முடிஞ்சு வருவேன், துன்னுவேன், செவத்தப் பாத்துப் படுப்பேன். உன்கிட்ட பேசணும்னே தோணாது. இது போட்டதுலேர்ந்து எதுன்னாலும் உன்கிட்ட கேக்கணும்னு ஆயிடுச்சு. கேக்கப் போனா பேச்சு வருது. ஆரம்பிச்சா நிக்க மாட்டேங்குது. கழட்டிட்டா மறுபடியும் அந்தப் பழைய ஆளா ஆயிடுவேனோன்னு பயமா இருக்கு.

— ம்.

— இன்னா ம்? நீ ஏன் மூஞ்சிய திருப்பிக்கிற?

— திருப்பல. எனக்கும் அதே பயம்தான். மொதல்ல நீங்க இதக் காட்டினப்போ, புத்தி கெட்டுப் போச்சான்னு நெனச்சேன். சாவிய என்கிட்ட குடுத்து அன்னிக்கு ராத்திரி பூரா பேசிக்கிட்டு இருந்தீங்க பாருங்க, அப்பதான் எனக்கு இது புடிச்சிது. அப்பிடிப் பேசற ஆள நான் திருப்பிக் குடுக்க மாட்டேன்.

— வாலாஜா டோல் வந்திடுச்சு. லெஃப்ட் லைன்ல போ, கூட்டம் கம்மி.

— பேச்ச மாத்தாதீங்க.

— மாத்தல. ஆமா, உன் மிஷின்ல லேடீஸ் பூட்ஸ் கூடப் போவுமா?

— எல்லா ஜோடியும் போவும். ஒண்ணு கூட தப்பாது.

— பூட்ஸுல இம்மாம் நீளத்துக்கு ஜிப்பு இருக்கே. அதுக்குக் கத்தாதா?

— எதுக்குக் கத்தப் போவுது? ஜிப்பு பித்தளதான?

— மோகனா? ஏன் வண்டிய ஓரம் கட்டற?

— ஏங்க.

— இன்னா ஆச்சு? டயரா?

— உங்க பூட்டும் பித்தளதாங்க.

— அய்யோ ஆண்டவா.

— என் மிஷின் இரும்ப மட்டுந்தான் புடிக்கும். ஊசி இரும்புல்ல? பித்தள பக்கிள், பித்தள ஜிப்பு எல்லாத்தையும் விட்டுடும். அதுக்குக் கத்த ஆரம்பிச்சா ஒரு ஜோடி வெளிய போவாது. ஏர்போர்ட்டுல அப்பிடி இல்ல, அவங்க எல்லாத்தையும் புடிப்பாங்க.

— டெய்லி அந்த மிஷின் கிட்டயே நிக்கற! உனக்கே தெரியலியா?

— நிக்கறதாலதான் தப்புப் பண்ணேன். பச்ச லைட்டு எரிஞ்சா என் மனசு தானா பாஸ்னு சொல்லிடுது. கத்தாதீங்க, யோசிக்கிறேன்.

— யோசிக்க இன்னா இருக்கு? சாவியக் குடு, கழட்டிடறேன். கோதண்டபாணி சாருக்கு முன்னாடி மானம் போச்சுன்னா நான் போர்ச்சுகலுக்கும் போவ முடியாது, ஆம்பூருக்கும் வர முடியாது.

— சாவி இந்தாங்க, தர மாட்டேன்னா சொன்னேன்? மீதி பூரா பிளாஸ்டிக்குதான? பூட்டு மட்டுந்தான பித்தள?

— ஆமா.

— அப்ப என் கைப்பைய எடுங்க. அடியில துழாவுங்க. வெள்ளையா, நூலு மாதிரி.

— இதுவா? ஷூவுக்குப் போடற டேக்கு.

— ஜோடி டேக்கு. எடது ஷூவையும் வலது ஷூவையும் சேத்துக் கட்டி பொட்டியில வைப்போமே, அது. நைலான். ஒரு வாட்டி மாட்டினா அறுத்தாதான் வரும். பூட்டுக்குப் பதிலா இதப் போட்டுக்குங்க.

— சாவி?

— சாவியே வேணாம். நகவெட்டி போதும். நல்லாக் கேட்டுக்குங்க. பிளேன்ல ரொம்ப நேரம் ஒரே எடத்துல ஒக்காந்திருப்பீங்க. வலிச்சாலோ, மரத்துப் போனாலோ, வீங்கினாலோ ஒடனே பாத்ரூம் போயி அறுத்திடணும். வீரம் காட்டக் கூடாது.

— அப்ப நான் எப்ப வேணா அறுத்துக்கலாமே. இது இன்னா பூட்டு?

— அறுக்கலாம். உங்க இஷ்டம். ஆனா அறுத்தா போன் பண்ணி என்கிட்ட சொல்லணும். ராத்திரி எந்நேரம் ஆனாலும் சரி.

— அவ்ளோதானா?

— அவ்ளோதான். நீங்க பேசினா போதும்.

— போலீஸ்காரரு கையால தடவிப் பாத்து இன்னா இதுன்னு கேட்டா?

— பொய் சொல்லாதீங்க, ஓடாதீங்க. "தனி ரூமுல செக் பண்ணுங்க சார்"னு அமைதியாக் கேளுங்க. அவங்க டெய்லி எத்தினி பேரு ஒடம்புல எத்தினியப் பாக்கறாங்களோ. தோ, முன்னாடி பெட்ரோல் பங்க்கு தெரியுது, அங்க நிறுத்தறேன். பாத்ரூம்ல மாத்திட்டு வாங்க. அந்தக் கட்டு பூரா எடுத்துக்குங்க, ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு வேணும்ல?

— சரி. இரு, வர்றேன்.

— ஆச்சா?

— ஆச்சு. இந்தா பூட்டு, இந்தா சாவி. மீதி டேக்கு சட்டப் பையில இருக்கு.

— நடந்து காட்டுங்க.

— பங்க்குலயா?

— நாலு அடி. ம், ஒண்ணும் தெரியல. லூசு பேன்ட்டு போட்டதும் நல்லதாப் போச்சு. பாஸ்.

— அந்த வார்த்தைய சொல்லாத தாயே.

— ஹலோ! ஏங்க, செக்கிங் முடிஞ்சுதா? நான் இன்னும் ஏர்போர்ட்டு பார்க்கிங்குலதான் இருக்கேன். வண்டிய எடுக்க கை வரல.

— முடிஞ்சிது. உள்ள வந்துட்டேன்.

— கத்திச்சா?

— ஒரு சத்தம் இல்ல. வாசக்கால்ல நுழைஞ்சேன், கையத் தூக்கினேன், போலீஸ்காரரு கைக்கருவிய மேல கீழ காட்டினாரு, போங்கன்னுட்டாரு.

— சாமி! இப்பதான் எனக்கு மூச்சே வருது. பின்ன எதுக்கு குசுகுசுன்னு பேசறீங்க? வலிக்குதா?

— வலியெல்லாம் இல்ல. கோதண்டபாணி சார் தண்ணி வாங்கப் போயிருக்காரு, இப்ப வந்துடுவாரு. மோகனா, அவருக்குக் கத்திச்சு.

— ஜிஎம் சாருக்கா? பெல்ட்டக் கழட்டியிருக்க மாட்டாரு.

— பெல்ட்டு, வாட்ச்சு, மோதிரம் எல்லாத்தையும் தட்டுல போட்டாரு. மறுபடியும் கத்திச்சு. கைக்கருவி இடுப்புக்குக் கீழ போனா சத்தம் நிக்கவே இல்ல. லைன்ல இருந்தவங்க எல்லாரும் பாக்கறாங்க. அவரே மெதுவா, "தனி ரூமுல செக் பண்ணுங்க சார்"னு கேட்டாரு.

— அய்யோ பாவம். இடுப்புல ஆப்பரேஷன் பண்ணி தகடு கிகடு வச்சிருப்பாங்க.

— நானும் அப்பிடித்தான் நெனச்சேன். வெளிய வந்தாரு, மூஞ்சி பூரா வேர்வை. என் பக்கத்துல வந்து ஒக்காந்தாரு. அப்புறம் அந்தப் பார்சல் வந்த நாள்லேர்ந்து மொத வாட்டியா என் கண்ணப் பாத்தாரு.

— பாத்து? இன்னா கேட்டாரு? சரியா சொல்லுங்க.

— "ஏம்ப்பா ஜெயசீலா, உன் பூட்டுக்கு மட்டும் எப்பிடி சத்தம் வரல?"ன்னு கேட்டாரு.