மோட்டார் கேபிளுக்குப் பக்கத்தில்

வயரிங் வேலைக்கு முதலில் வேண்டியது பொறுமை, ஐயா. ஸ்க்ரூடிரைவர் அப்புறம்தான். மெயினை அணைத்து, பூட்டு மாட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைப்பேன். என் வேலையால் இதுவரை ஒருவருக்கும் ஷாக் அடித்ததில்லை.

எங்கள் சாயத் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர் குடியிருப்புக்குப் போகும் குடிநீர்க் குழாயில் ஒரு சென்சார் இருக்கிறது. தண்ணீரில் கழிவு கலந்தால் சுவரிலுள்ள அனலைசரில் எண் ஏறும். கொஞ்ச நாளாக மோட்டார் ஓடும்போதெல்லாம் ஏறியது. பம்ப் ஆபரேட்டரை மந்திரி என்போம். கையெழுத்துப் போடுவதைத் தவிர அவர் வேறு வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. அவர்தான் காரணம் சொன்னார்.

"உன் சென்சார் ஒயரு மோட்டார் கேபிளை ஒட்டிக்கிட்டே போகுதும்மா. பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி அதோட இரைச்சல் இதுக்குள்ள வருது. பிரிச்சுப் போடு."

நியாயமான பேச்சு. விடுமுறை நாளில் தனியாளாகப் பிரித்துப் போட்டேன். வயருக்குத் தனிக் குழாய், ஒரு முனையில் மட்டும் எர்த், தண்ணீர் புகாத மூடி. பிள்ளைக்குத் தலை வாரிவிட்டதுபோல் இருந்தது. மெயினைப் போட்டேன். மோட்டார் ஓடியது. எண் முன்போலவே ஏறியது.

ஆக, வயர் மேல் குற்றமில்லை.

கழிவுத் தொட்டியை ஒட்டிப் போகும் அந்தக் குடிநீர்க் குழாயை இணைத்தவன் என் தம்பி. அம்மா போன பிறகு நான் வளர்த்த பிள்ளை. கூப்பிட்டுக் கேட்டேன்.

"ரப்பர் வளையம் கிடைக்கலைக்கா. சாக்கைச் சுத்தி இறுக்கிட்டேன். யாரு மண்ணைத் தோண்டிப் பாக்கப் போறா?"

"மோட்டார் கழிவையும் சேர்த்து இழுக்குதுடா, எருமை."

"வெளியே சொல்லிடாதக்கா. வேலை நிரந்தரமாகப் போற நேரம். தெரிஞ்சா ஜெயிலுதான்."

அழுதான். எனக்கு அவன் அழுதால் தாங்காது.

மறுபடி மெயினை அணைத்தேன். பூட்டினேன். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். சென்சார் வயரை உருவி, புதுக் குழாயைக் கழற்றி எடுத்துவிட்டு, பழையபடி மோட்டார் கேபிளுக்குப் பக்கத்திலேயே வைத்துக் கட்டினேன்.

"இன்னும் பிரிக்கலையா?" என்றார் மந்திரி.

"வயர் போடுற குழாய்க்குச் சொல்லியிருக்கேண்ணே. வரட்டும்."

"அதுவரைக்கும் எண்ணு ஏறினா?"

"நீங்க சொன்ன இரைச்சல்தாண்ணே."

தான் சொன்னது நிலைத்ததில் அவருக்குச் சந்தோஷம். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்.

நான் எண்ணை மாற்றவில்லை, ஐயா. அனலைசர் கடைசிவரை உள்ளதைத்தான் காட்டியது. அதை நம்பாமலிருக்க ஒரு சாக்கு மட்டும் கொடுத்தேன்.

குடியிருப்பில் முதலில் குழந்தைகளுக்கு வாந்தி வந்தது. வெயில் என்றார்கள், நானும் தலையாட்டினேன். பிறகு வெல்டர் வீட்டு இரட்டைப் பிள்ளைகள் போயின. சாவு வீட்டுக்கு லைட் கட்டிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. தம்பிக்கு வேலை நிரந்தரமானது.

தெரிந்தே செய்தாயா என்கிறீர்கள். தெரிந்துதான் செய்தேன். ஆனால் கல்நெஞ்சக்காரி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தம்பி குழந்தைக்கு நாள் தவறாமல் வெளியிலிருந்து தண்ணீர்க் கேன் சுமந்தவள் நான். வெல்டர் வீட்டு வாசலைத் தாண்டி மூன்று மாடி ஏற வேண்டும். குழந்தைகள்மேல் பிரியம் இல்லாதவளா அப்படிச் சுமப்பாள்?