கயிறு கட்டாத செவலை

1936ஆம் வருஷம், ஆவணி மாதம். என் பெயர் தையலம்மாள், வயது முப்பத்தெட்டு, செல்லப்பன் மனைவி. குருவிநத்தத்தில் குடியிருந்து கரும்புப் பயிர் செய்கிறோம். கொம்யூன் என்கிற ஊராட்சி ஆபீஸ் சேவகர் நாகராஜனை மண்கட்டியால் அடித்ததாக என் பேரில் வந்த புகாருக்கு நான் சொல்லி, போலீஸ் சிப்பாய் எழுதிக்கொண்டது:

செவலை எங்கள் வளர்ப்பு நாய். குட்டியாக இருக்கும்போது அக்கம்பக்கத்துக் கோழிகளைத் துரத்திச் சண்டை இழுத்துவிட்டதால், என் கணவர், "இத்த ஒழுங்கா வளக்கறதுன்னா வள, இல்லன்னா ஆத்துக்கு அந்தாண்ட வுட்டுட்டு வந்துடுவேன்" என்றார். அதன்பேரில் கேழ்வரகுக் களி உருண்டையை அதன் மூக்குக்கு முன்னால் வைத்து, "இரு" என்றால் தொடாமல் உட்காரவும், "வா" என்றால் என்னிடம் வந்து தின்னவும் பழக்கினேன். அந்த மழைக்காலம் முழுக்க எனக்கு இதே வேலை. நான் பெற்ற பிள்ளைகள்கூட என் பேச்சை அப்படிக் கேட்டதில்லை.

அதன் பிறகு ஊரில் வெறிநாய்க்கடி வந்து, கயிறில்லாத நாய்களை அடித்துப்போட உத்தரவென்று தமுக்கு அடித்தார்கள். சொன்ன பேச்சு கேட்கிற நாய்க்குக் கயிறு எதற்கென்று நான் கட்டவில்லை. எனக்கு அவ்வளவு பெருமை.

நேற்றுக் காலை மடை திருப்புவதற்காக, செவலையை வரப்பில் "இரு" என்று உட்காரவைத்துவிட்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போனேன். அதன் பிறகு நாகராஜன் தடியோடு வந்தார். "அண்ணே, அது வூட்டு நாய், சொன்னா கேக்கும்" என்று கத்தினேன். "கேட்டா இன்னாம்மா, கழுத்துல கயிறு இல்லியே. எனக்கு உத்தரவு அதான்" என்றார்.

வாய்க்காலில் இடுப்பளவுத் தண்ணீர். அவர் எனக்கும் நாய்க்கும் நடுவில் நின்றார். "வா" என்றால் அவர் காலடிக்கே வரும். சும்மா இருந்தால் உட்கார்ந்தபடியே சாகும். "போ, போயிடு" என்று கத்தினேன். எங்கள் வீட்டில் யாரையும் போ என்று சொல்லமாட்டோம், வெளியே கிளம்புகிறவரிடமும் "போயிட்டு வா" என்றுதான் சொல்லுவோம். ஆகையால் நாய்க்கும் அந்தச் சொல்லை நான் பழக்கவில்லை. அது காதை நிமிர்த்திக்கொண்டு இன்னும் ஒழுங்காக உட்கார்ந்தது.

அதன் பிறகு அதை விரட்ட மண்கட்டி எடுத்து எறிந்தேன். முதல் கட்டி அதன் முதுகில் பட்டது. வாலை ஆட்டியதே தவிர எழுந்திருக்கவில்லை. அடுத்தது நாகராஜன் நெற்றியில் பட்டது. அவரை அடிக்கவேண்டுமென்று நான் எறியவில்லை. தடி விழும் வரைக்கும் செவலை என்னையே பார்த்துக்கொண்டு, நான் சொன்னபடி உட்கார்ந்திருந்தது.

எழுதியதைச் சிப்பாய் படித்துக்காட்டக் கேட்டேன். நான் சொன்னதும் நடந்ததும் இதுவே, கூட்டியதும் குறைத்ததும் இல்லை.

தையலம்மாள், இடது கைப் பெருவிரல் ரேகை.