சியோக்காவின் மண் முகம்

மண் காய்ந்துவிட்டால் பொம்மைக்குக் காது ஒட்டாது, ஐயா. அதனால்தான் தலைவர் கண்மூடிய அன்றே வேலையைத் தொடங்கிவிட்டேன்.

தலைவரின் குழியில் அவருடைய உருவத்தையும், பக்கத்தில் ஒரு சீமாட்டியின் உருவத்தையும் வைப்போம். அவள் முகம் குயவனின் கனவில் வரும். மண்ணில் யார் முகமோ, அவள் உயிரோடு அவருடன் போக வேண்டும். இது பூசாரிகளுக்கும் குயவர்களுக்கும் மட்டும் தெரிந்த வழக்கம். மற்றவர்கள், தலைவரின் மனைவிகளில் ஒருத்தி விரும்பிப் போகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் செய்தது சியோக்காவின் முகம். கருவாடு போடுகிறவள். கோரைப்புல் ஓடத்தில் கடலுக்குப் போகும் பொலெங்கின் மனைவி. அவளை முதலில் பெண் கேட்டவன் நான். கரையில் எல்லாப் பெண்களும் கேட்கும்படி சொன்னாள்: "மண்ணைப் பிசையிற கைக்கு மண்ணு போதும்யா. பொண்டாட்டி வேணும்னா ஒண்ணு செஞ்சு சுட்டுக்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

காதில் அகலத் தோடு, உதட்டை மறைக்கும் மூக்கணி, தலையில் இறகு மகுடம். எதிலும் குறை வைக்கவில்லை. சூளையிலிருந்து எடுத்ததும் அவள் வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஐய, இது நானா? மூக்கைப் பாரேன்! ஏ பொலெங், இனிமே என்னைக் கும்பிட்டுட்டுத்தான் பேசணும், தெரிஞ்சுதா?"

பொலெங் எனக்குச் சோளக்கள் ஊற்றிக் கொடுத்தான். "பழசை எல்லாம் மனசுல வச்சுக்காதண்ணே" என்றான். குடித்தேன். நன்றாகப் புளித்திருந்தது.

அங்கிருந்து நேராகக் கோயிலுக்குப் போய்ப் பூசாரிகளிடம் பொம்மையைக் கொடுத்தேன். இது யார் என்று கேட்டார்கள். வீட்டைக் காட்டினேன். மண்ணில் நான் செய்த நகைகளையே தங்கத்தில் அவளுக்குப் பூட்டினார்கள். கைகளைக் கட்டினார்கள். பொலெங்கை ஆட்கள் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது கடலில் மீன் இல்லை, ஏதோ தெய்வக் குற்றம் என்றதும், கனவு உண்மைதானா என்று விசாரிக்கிறீர்கள். கனவு எதுவும் வரவில்லை, ஐயா. அந்த முகத்தை நானேதான் தேர்ந்தெடுத்தேன். ஆனால் கருவாட்டு நாற்றத்தில் கிடந்தவளைச் சீமாட்டியாக்கியது யார்? பொலெங்கா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழியில் இறக்கும்போது அவள் கணவனைக் கூப்பிடவில்லை. "சாப்பென், சொல்லுய்யா, அது நான் இல்லேன்னு சொல்லுய்யா" என்று என் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், மண் வாயை மூடும்வரை. கடைசி நேரத்தில் மனம் யாரைத் தேடும் என்று உங்களுக்குத் தெரியாதா?