மாட்டின் எலும்பு நடந்த படம்

"எங்க செவல மாட்டோட எலும்பு நடக்குறத கம்ப்யூட்டர்ல பார்த்தேன்," என்றார் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண். பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் போகும் பஸ் அது. பக்கத்தில் இருந்த இளம்பெண் திரும்பிப் பார்த்தார்.

"எலும்பு எப்படிக்கா வெளிய தெரியும்?"

"கம்பஸ்ல படிக்கிற மக லீவுல வந்தப்ப காட்டினா. ஃபோன வேலியில கட்டி வச்சிட்டு எங்க எல்லாரையும் லயத்து வீட்டுக்குள்ள போகச் சொன்னா. மாடு அது பாட்டுக்கு நடந்துச்சு. அந்த வீடியோவுல மூட்டுக்கு மூட்டு கம்ப்யூட்டரே புள்ளி வச்சிக் கோடு போடுது. மாடு நடக்க நடக்க அந்தக் கோடும் எலும்புக்கூடு மாதிரி நடக்குது."

"அதுல என்ன தெரிஞ்சிச்சு?"

"பின்னங்கால் ஒண்ணு சரியா மடங்கல. நாங்க கயித்தப் புடிச்சா நேரா நடக்கும். மாட்டு டொக்டர் வந்தப்பவும் அப்படித்தான். யாரும் இல்லாதப்பதான் நொண்டுது. வலிய மறைச்சிருக்கு."

"உங்க வீட்டுக்காரரு சோம்பேறி மாடுன்னு அடிப்பாரே."

"அவரும் பார்த்தாரு. மூணு தடவ போடச் சொல்லிப் பார்த்தாரு. மறுநாள் அவரே போயி டொக்டரக் கூட்டிட்டு வந்து வீடியோவக் காட்டினாரு. மூட்டுல வீக்கம்னு ஊசி போட்டாங்க. இப்ப தெனமும் காலையில தோட்டத்து வேலைப் பெரட்டுக்குப் போறதுக்கு முந்தி அவருதான் புல்லறுத்துப் போடுறாரு."

"இப்ப நொண்டாம நடக்குதா?"

"கொறஞ்சிருக்கு. நேத்தும் வீடியோ எடுத்துப் பார்த்தோம்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "ஆனா அவரு புல்லோட வந்தா மட்டும், வலியே இல்லாத மாதிரி இன்னமும் நேராத்தான் நிக்குது."